மணக்காத எலும்பு

அக்காவின் வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது அந்த எலும்பு வந்தது. முழங்கை நீளம், கறுத்துப்போன மண்ணிறம். எங்கள் ஒழுங்கையில் அந்த நாட்களில் எலும்பு வந்தால் எந்த மிருகத்தினுடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

அத்தானை இராணுவம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா ஏறி இறங்காத முகாம் இல்லை. பொட்டை அழிக்கச் சொல்லிப் புத்தி சொன்ன சொந்தக்காரர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நாங்கள் வாவிக்கு அக்கரையில் அகதியாக இருந்த மாதங்களில் எங்கள் வெற்று வளவுகளில் ஆட்களைப் புதைத்தார்கள் என்று ஊரில் ஒரு கதையும் இருந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவள் என்பதால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கையில் எடுத்தால் கல்லின் கனம். மனித எலும்புக்குத் தடிப்பும் அதிகம். காலப்போக்கில் கல்லாகிப்போன புதைபடிவமாக இருக்கலாம் என்று பட்டது. நிச்சயமாகச் சொல்ல ஒரு வழி படித்திருந்தேன். நெருப்பில் காட்டினால் அண்மைக்கால எலும்பு மயிர் கருகுவதுபோல மணக்கும், கல்லானது மணக்காது. அக்காவை உள்ளே போகச் சொன்னேன். அவள் போகவில்லை. மெழுகுதிரியைக் கொண்டுவந்து தானே கொளுத்தினாள்.

விளிம்பு கரி பிடித்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மணமே இல்லை.

“இது அத்தான் இல்லக்கா. ஏதோ கடல் மிருகம். எத்தினையோ ஆயிரம் வருசத்துக்கு முந்தினது.”

வேலியடியில் நின்றவர்களுக்கு மூச்சு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி தேத்தண்ணி ஊற்றப் போனாள். எனக்கும் சந்தோசம், பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி நின்றேன்.

அக்காவின் முகத்தில் மட்டும் நிம்மதி இல்லை. அடக்கம் செய்ய ஓர் எலும்பாவது கிடைத்துவிட்டது என்று அவள் நம்பியிருந்தாள். அதை என் கையிலிருந்து வாங்கி, கரியை முந்தானையால் துடைத்தாள். காற்றுக்கு அணைந்திருந்த மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தினாள்.

“இன்னொருக்காப் புடிச்சிப் பாரு புள்ள” என்றாள்.

மெழுகுதிரி முடியும்வரை பிடித்தேன். ஒன்றும் மணக்கவில்லை.