நடுவில் வைத்த ஆறு டப்பாக்கள்

போன சனிக்கிழமை ஓசூரில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். மடியில் அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பிரித்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

பயப்படக் காரணம் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு, கம்பெனி செக்-அப்பில் இவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்றார்கள். பர்கூரில் இருந்த இவருடைய அண்ணன், இதே வயதில்தான் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எழுந்திருக்கவே இல்லை. "மூணு மாசம் சாப்பாட்டை மாத்துங்க... பார்க்கலாம்" என்று டாக்டர் கெடு வைத்திருந்தார்.

மாற்றினேனே! பூரி போய், எண்ணெய் தொடாத சப்பாத்தி வந்தது. குருமாவில் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை. உருளைக்கிழங்கு வறுவல் இருந்த இடத்தில் ஆவியில் வெந்த பீன்ஸ். அப்பளத்தைக்கூட அடுப்பில் சுட்டுத்தான் கொடுத்தேன்.

மதிய டப்பா தினமும் துடைத்து வைத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது. மனிதர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான் எழுதும் இதே சமையல் பக்கத்தில் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"குறையலையேம்மா... ஏறித்தான் இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சிடலாம். நெஞ்சுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க."

எனக்கு அந்த பஸ் ஸ்டாப்தான் கண்ணில் தெரிந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அடுத்து உள்ளே போனவன் மஞ்சுநாத். இவரோடு ஒரே ஷிஃப்ட். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவன். அவனுக்கும் இதே கொழுப்பு, இதே கெடு. திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்!

"அக்கா, எனக்கு நல்லா குறைஞ்சிடுச்சு! எல்லாம் உங்க வீட்டு ஊட்டாதான்!"

என் வீட்டுச் சாப்பாடா? இவனுக்கா?

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்ல கலா... மதியம் எங்க ஷிஃப்ட் ஆளுங்க ஆறு பேரும் டப்பாவத் தொறந்து நடுவுல வெச்சிடுவோம். அவனவன் டப்பாவ அவனே தின்னா, கேலி பண்ணியே கொன்னுடுவானுங்க. உன் டப்பாவ இவன் இழுத்துக்குவான். நான் இவன் வூட்டு ஒப்பட்டு... நம்ம போளிதான்... நெய் ஊத்திக்கினு..."

கத்தினேன். கிளினிக் என்றும் பார்க்கவில்லை. "உங்க அண்ணன் போனது போதாதா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். மஞ்சுநாத்தின் சிரிப்பும் போன இடம் தெரியவில்லை.

ஆட்டோவில் வரும்போதுதான் கொஞ்சம் நிதானம் வந்தது. எண்ணெயைக் குறை, தேங்காயைக் குறை என்று நம் அடுப்பிடம் மட்டும்தானே சொல்கிறோம்? நம் ஆட்கள் என்றைக்குத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்? ஓர் ஆளுக்குக் கொழுப்பு குறைய, ஆறு வீட்டு வாணலி இறங்க வேண்டியிருக்கிறது.

ஞாயிறு முழுக்க போன்தான். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களிடமும் தமிழ், தெலுங்கு, என் அரைகுறைக் கன்னடம் எல்லாவற்றிலும் கெஞ்சினேன். முதலில் சரி என்றவள் மஞ்சுநாத்தின் மனைவி.

திங்கள் மதியம் இவரிடமிருந்து போன்.

"இன்னா கலா இது? ஆறு டப்பாவத் தொறந்தா, ஆறுலயும் ஆவியில வெந்ததுதான் கீது! அல்லாரும் அழறானுங்க..."

அழட்டும். ஆறு பேரும் நன்றாக, உயிரோடு உட்கார்ந்து அழட்டும்.