நாலரை அங்குலச் சுவர்

உண்ணாமலைக்கு அறுபத்தாறு வயது. பிறந்ததும் ஆரணி, வாழ்க்கைப்பட்டதும் ஆரணி; தெருதான் வேறு. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு உண்டு, அதை அவளே மறுத்ததில்லை. கணவர் வேணுகோபால் தறியில் உட்கார, இவள் முப்பத்தைந்து வருஷம் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து தார் சுற்றினாள். ஊடைப் பட்டைச் சின்னச் சின்னக் குழலில் ஏற்றிக் கொடுக்கிற வேலை அது. பெண் தீபாவைப் படிக்கவைத்து ஓசூரில் வங்கி வேலைவரை கொண்டுபோய் விட்டது அந்தத் தார்தான். முட்டி இரண்டையும் கொண்டுபோனதும் அதுவேதான்.

அவள் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமனார் கண்ணை மூடியதும் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். பத்தொன்பது அடி அகலம், எழுபது அடி நீளம். வேறு தொழில்காரர்களாக இருந்தால் முன்கட்டு உனக்கு, பின்கட்டு எனக்கு என்று குறுக்கே வெட்டியிருப்பார்கள். இவர்கள் நெசவுக்காரர்கள். இரண்டு பேருக்கும் தறி போட நீளம் வேண்டும், இரண்டு பேருக்கும் வியாபாரி வந்து நிற்கத் தெருவாசல் வேண்டும். ஆகவே வேட்டியைக் கிழிக்கிற மாதிரி வீட்டை நெடுக்கக் கிழித்தார்கள். நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் போடலாம் என்றார் மேஸ்திரி. அது யார் இடத்தைத் தின்பது என்று அதற்கும் ஒரு மாதம் சண்டை. கடைசியில் நாலரை அங்குலச் சுவர்தான் எழுந்தது. ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவு புத்திசாலிகள்.

அண்ணன் கமலக்கண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். கல்யாணம், சாவு என்றால் தலையைக் காட்டிக்கொள்வார்கள், மற்றபடி பேச்சு இல்லை. ஓரகத்தி திலகவதியும் உண்ணாமலையும் மட்டும் தெருவில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளாகத் திலகவதி வெளியே வருவதே இல்லை என்பதால் அந்தச் சிரிப்பும் இல்லை.

போன கார்த்திகை மழையில் உண்ணாமலை விழுந்தாள். வீட்டின் கடைசியில் மூன்று படி இறங்கி, பதினைந்தடிக் கொல்லையைத் தாண்டினால்தான் கக்கூஸ். ராத்திரியில் அந்தப் படியில் இறங்கப் பயந்து, பொழுது சாய்ந்தாலே தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். அப்படியும் அன்றைக்கு அடக்க முடியாமல் ஓடியதில் இரண்டாவது படி வழுக்கிவிட்டது. வேலூரில் இடுப்பெலும்பை மாற்றினார்கள். இனி ஆயுசுக்கும் குந்தி உட்காரக் கூடாது, படி ஏறி இறங்குவதைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அங்கிருந்து நேரே ஓசூருக்கு, தீபா வீட்டுக்கு. நாலாவது மாடி, லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், திருகினால் வெந்நீர். மகளும் மருமகனும் ஒரு குறை வைக்கவில்லை. அதுதான் உண்ணாமலைக்குப் பேஜாராக இருந்தது. குறை சொல்லக்கூட ஒன்றும் இல்லாத வீட்டில் இரண்டரை மாதம் ஜன்னல் வழியாக எதிர் பில்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச ஆள் இல்லை. தன் வீட்டில் தன் அடுப்பில் ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்துவிட்டுச் செத்தால் போதும் என்று ஒருநாள் வாய்விட்டு அழுதாள். அம்மாவை ஆரணிக்கே திருப்பி அனுப்பத் தீபா இறங்கி வந்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உள்ளேயே டாய்லெட் கட்ட வேண்டும், பணம் அவள் தருவாள். பங்குனிக்குள் முடியாவிட்டால் இரண்டு பேரும் ஓசூருக்கு வந்துவிட வேண்டும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட வேண்டும். தீபா சொன்னதைச் செய்கிறவள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உண்ணாமலைக்குத் தெரியும்.

வீடு கட்டிக்கொடுக்கிற ஜெயக்குமார் டேப்போடு வந்தான். வாக்கர் நுழைய வாசல்களை அகலமாக்க வேண்டும், நிலைப்படிகளைச் செதுக்கித் தரையோடு தரையாக்க வேண்டும், வழுக்காத டைல்ஸ் போட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும் வேணுகோபால் எச்சில் விழுங்கினார். டாய்லெட் எங்கே என்பதில்தான் வந்து நின்றது. கொல்லைக்குச் சாய்தளம் போடலாமென்றால், இரண்டடி உயரத்துக்கு இருபத்துநாலு அடி நீளச் சரிவு வேண்டும். கொல்லை மொத்தமே பதினைந்து அடி. உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்க மாடிப்படி. மிச்சம் இருப்பது முன்பு தறி இருந்த இடம், அதுவும் பொதுச் சுவரை ஒட்டி.

“அம்மா, நீங்க புடிச்சுகினு எழுந்திருக்கற கம்பி உங்க மொத்த வெயிட்டையும் தாங்கணும்,” என்றான் ஜெயக்குமார், சுவரை விரலால் தட்டிப் பார்த்து. “இந்த நாலரை அங்குலச் செவுத்துல ஸ்க்ரூ நிக்காது. ஒருநாளு செங்கல்லோட பேத்துகினு வந்துடும். இந்தாண்டயிருந்து அந்தாண்ட வரைக்கும் போல்ட்டு உட்டு, அங்க இரும்புத் தகடு வெச்சு முடுக்கணும். அந்தாண்ட இன்னா கீது?”

“சாமி கீது,” என்றாள் உண்ணாமலை.

பாகம் பிரிக்கும்போது பூஜை அறை அண்ணன் பங்குக்குப் போயிருந்தது. ஆக, டாய்லெட்டும் சாமியும் முதுகோடு முதுகு. போல்ட்டு வெளியே வருகிற இடம் படங்களுக்குக் கீழே, விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில்.

வேணுகோபால் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் கழித்து அண்ணன் வாசலில் ஏறினார். பத்து நிமிஷத்தில் அதே தட்டோடு இறங்கினார். வெற்றிலைகூடக் கலையவில்லை. அண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் மனைவியிடம் ஒப்பித்தார்: “நம்ப அப்பா கும்பிட்ட சாமிடா. அது முதுகுல நீ கக்கூஸ் கட்டுவியா?”

உண்ணாமலையால் அதைத் தப்பென்று தள்ளிவிட முடியவில்லை. அந்த மாடத்தில் அவளும் இருபது வருஷத்துக்கு மேல் விளக்கேற்றியிருக்கிறாள். சாமிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றுக்குப் போவதை நினைத்தால் அவளுக்கே உடம்பு கூசியது. ஓசூர் ஜன்னலை நினைத்தால் அதற்கும் மனசு ஒப்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாள் பூராவும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். ராத்திரி அவசரத்துக்குக் கட்டிலடியில் வைத்த பேசினை வேணுகோபால் காலையில் மூடி எடுத்துப் போகும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அவரை விரட்டி வேலை வாங்கியவளுக்கு அந்த ஒரு நிமிஷம் தினமும் சாவாக இருந்தது.

பங்குனி முடியப் பத்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன், துணிமணிகளை எடுத்துவையுங்கள் என்று தீபா போன் செய்தாள். வேணுகோபாலுக்கு முகம் கறுத்தது. ஆனது ஆகட்டும், ஓட்டையைப் போட்டுவிடு என்று ஜெயக்குமாருக்குச் சொல்லி அனுப்பினார். அவனுக்கு ஒழிந்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அந்தச் சுவரில் கை வைக்க வேண்டாம் என்று உண்ணாமலை எவ்வளவோ சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, சுவருக்கு அந்தப் பக்கம் பூஜை மணி அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் டிரில்லிங் மெஷின் உறுமியது. முதல் ஓட்டை பாதி வரும்வரை மணி சளைக்காமல் அடித்தது. பிறகு மெஷின் சடாரென்று முன்னால் பாய்ந்தது. சுவர் ஊடுருவிவிட்டது. அந்தப் பக்கம் ஏதோ பித்தளைச் சாமான் விழுந்து உருளும் சத்தம். மணி நின்றது.

அடுத்த நிமிஷம் கமலக்கண்ணன் வாசலில் நின்றார். எழுபத்துநாலு வயது, ஈர வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் செல்போன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார். போ என்றார் வேணுகோபால். அவர் கையில் சுத்தியல் இருந்தது. ஜெயக்குமாருக்கு எடுத்துக் கொடுக்கத்தான் வைத்திருந்தார், ஆனால் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. தெருவில் ஆள் கூடிவிட்டது. செத்துப்போன அப்பா, விற்றுப்போன நகை, யார் யாரைப் பட்டினி போட்டார்கள் என்று இருபத்திரண்டு வருஷத்துக் குப்பை முழுக்க வெளியே வந்தது. கமலக்கண்ணன் ஒரு படி ஏறினார். வேணுகோபால் நகரவில்லை. ஜெயக்குமார் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில், வாக்கரோடு நடுவில் நுழைந்து படி இறங்கியவளை யாரும் கவனிக்கவில்லை. உண்ணாமலை பக்கத்து வாசலின் இரண்டு படியை, வாக்கரை முதலில் தூக்கி வைத்துப் பிறகு காலைத் தூக்கி வைத்து ஏறினாள். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஓசூருக்கே போய்விடுகிறேன், போலீஸ் வேண்டாம் என்று திலகவதியிடம் சொல்லிவிட்டு வரத்தான் போனாள். சுத்தியலும் செல்போனுமாக நிற்கிற இரண்டு கிழவர்களைவிட ஓசூர் ஒன்றும் மோசமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திலகவதி பூஜை அறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் புதுசாக ஒரு ஓட்டை, படங்களின் மேல் செங்கல் தூள். விழுந்த தூபக்காலை எழுந்து எடுக்காமல், உட்கார்ந்த வாக்கிலேயே தேய்த்து நகர்ந்துபோய் எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் குள்ளமான மனுஷி. இப்போது ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கியிருந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. பேச வாயைத் திறந்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொல் வரவில்லை. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் தளும்ப இருந்தது. அதை எடுத்து உதட்டை நனைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட விழுங்காமல் கீழே வைத்தாள்.

உண்ணாமலை சொல்ல வந்ததை மறந்தாள்.

“அக்கா, தண்ணிய எத்தினி மணிக்கு நிறுத்துற?”

திலகவதி வாசல் பக்கம் பார்த்தாள். தெருவில் சத்தம் ஓயவில்லை. யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

“மத்தியானச் சோத்தோட நிறுத்திடுவேன். காலையிலயும் நாக்க நனைக்கறதோட சரி. ரெண்டு தபா அந்தப் படியிலயே போயிட்டேன் உண்ணாமல. அவரு எழறதுக்கு முன்னாடி கழுவி உட்டுட்டேன்.”

உண்ணாமலை வாக்கரை விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது. தன் படி, தன் கொல்லை, தன் பயம், எல்லாம் அங்குலம் பிசகாமல் சுவருக்கு இந்தப் பக்கமும் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் நாலரை அங்குல இடைவெளியில் ஒரே தாகத்தோடு படுத்திருக்கிறார்கள்.

அவளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். கமலக்கண்ணன். பத்திரம் எடுக்க உள்ளே வந்தவர். எவ்வளவு கேட்டார் என்று அவர் முகமே சொன்னது.

“இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?”

“இன்னான்னு சொல்றது?” என்றாள் திலகவதி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “ஒண்ணுக்குப் போவ பயமா கீதுன்னா?”

கமலக்கண்ணன் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார். திலகவதி தூபக்காலை முந்தானையால் துடைத்து வைத்துவிட்டு, அரிசி வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள்.

“சாமிய கூடத்துக்கு எடுத்துகினு போயிடுங்க. எங்க வெச்சாலும் அது சாமிதான். எனக்கு இங்க ஒண்ணு கட்டிக் குடுங்க.”

வேணுகோபாலும் ஜெயக்குமாரும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். சுத்தியல் இன்னும் தம்பி கையில் இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. கமலக்கண்ணன் இப்போது ஆளைக் கூப்பிட்டு எல்லாரையும் வெளியேற்றினாலும் ஆச்சரியமில்லை என்று உண்ணாமலை நினைத்தாள். அந்த மனுஷன் அவ்வளவு ரோஷக்காரர்.

கமலக்கண்ணன் ஜெயக்குமாரிடம் திரும்பினார்.

“தகடுக்குப் பதிலா இந்தாண்டயும் ஒரு கம்பி போட்டா, அதே போல்ட்டு தாங்குமா?”

“நல்லாவே தாங்குங்க. ஆனா ஒரே போல்ட்டுன்னா ரெண்டு கம்பியும் ஒரே உயரத்துலதான் வரும்.”

“அப்போ இந்த ஓட்டைய அடச்சுடு. கீழ போடு. இவ குள்ளம்.”

ஜெயக்குமார் உண்ணாமலையைப் பார்த்தான். அவள் அளவுக்கு வைத்துப் போட்ட ஓட்டை அது. கீழே போடச் சொல்லி அவள் தலையை ஆட்டினாள்.

அளவெடுக்கத் திலகவதி எழுந்து நிற்க வேண்டியிருந்தது. முதல் தடவை பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தடவை சுவரைப் பிடித்தும் முடியவில்லை. பக்கத்திலேயே ஐம்பது வருஷம் வாழ்ந்த கமலக்கண்ணன் அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவர் போல நின்றார். பிறகு குனிந்து இரண்டு கையையும் அவள் அக்குளில் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். ஜெயக்குமாரிடமிருந்து பென்சிலைத் தானே வாங்கிக்கொண்டார். அவளுடைய கை சுவரில் பதிந்த இடத்தில், தண்ணீர் வழியும் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், கோடு போட்டார்.