பிஸ்கட் பேணிக்குள் கலந்த குளிசைகள்

"4.11.1986, செவ்வாய். மழை. பக்கத்து அறை அக்காவுக்கு மீன் ஈரல் எண்ணெய்க் குளிசை ஒரு போத்தல் கொடுத்தேன். அவவுக்கு இப்போது இரண்டு மாதம்."

என் குறிப்புக் கொப்பியில் இவ்வளவுதான் இருக்கிறது. இதில் இல்லாதது ஒன்றுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தஞ்சம் கேட்டு வந்த நாட்டில் நாங்கள் இருந்த ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், சமைக்க அனுமதி இல்லை. பொதியில் வரும் பாணும் சீஸும்தான் சாப்பாடு. பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் எதைச் சமைத்துக் கொண்டுபோவது? ஆகவே ஒருவர் பின் ஒருவராகச் சத்து மாத்திரை, எங்கள் பேச்சில் சத்துக் குளிசை, கொண்டுபோனோம். எல்லாம் சுப்பர்மார்க்கெட்டில், ஜாம் போத்தல்களுக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தவை. ஜாமுக்குப் பக்கத்தில் இருப்பது சாப்பாடுதானே என்று நினைத்தோம்.

"என்ரை மனிசி பிள்ளை பெறப்போறாவோ, பார்மசி திறக்கப்போறாவோ?" என்று அக்காவின் கணவர் சிரித்தார்.

நவம்பர் 30, ஞாயிறு. என் அறை நண்பர் அவவுக்கென்று ஒரு வைட்டமின் பெட்டி வாங்கி வந்தார். இது மருந்துக்கடையில் வாங்கியது. உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது. கையில் அகப்பட்ட தாள் எதையும் வாசிக்காமல் விடமாட்டேன். அந்த நாட்டு மொழி அகராதியோடு இருந்து நாலாவது பந்திக்கு வந்தேன். கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ உள்ள வேறெதையும் டொக்டரைக் கேட்காமல் இதனோடு சேர்த்து எடுக்கக்கூடாது; அளவு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குப் பழுது வரலாம்.

மீன் ஈரல் எண்ணெயில் இருப்பது வைட்டமின் ஏ என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். நான் வாங்கிய போத்தலோடு ஒரு தாளும் வரவில்லை. உடனே பக்கத்து அறைக்குப் போனேன்.

"அக்கா, அந்தப் போத்தலுகள் எங்கை?"

"எறிஞ்சிட்டன் தம்பி. வாறவை எல்லாம் 'இவ்வளவோ, இவ்வளவோ' எண்டு பாக்கினம். நாவூறு பட்டிடும் எண்டு எல்லாத்தையும் ஒண்டுக்கை கொட்டிப்போட்டன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் பேணியை எடுத்துத் திறந்தார். மஞ்சள், சிவப்பு, மண்ணிறம், எல்லாம் கலந்து கிடந்தன.

"ஒரு நாளைக்கு எத்தினை போடுறியள்?"

"காலமை மூண்டு, பின்னேரம் மூண்டு. கைக்கு வாறதை. ஏன் தம்பி, உங்கடை முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன். அக்கா பேணியை மடியிலிருந்து இறக்கிவிட்டு இரு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். கணவர் அதன்பின் பகிடி விடவில்லை.

மறுநாள் டொக்டரிடம் போவதற்கான சீட்டுக்காகச் சமூக உதவி அலுவலகத்தில் நின்றோம். சீட்டுக் கிடைத்தது. டொக்டர் பார்ப்பதற்குக் கிடைத்த தெர்மின், அதாவது குறித்த நாள், டிசம்பர் 11. பத்து நாள் பொறுக்க எங்களால் முடியவில்லை. பேணியோடு நேரே மருந்துக்கடைக்குப் போனோம்.

அங்கிருந்த பெண்மணி குளிசைகளை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தார். மண்ணிறம் ஈஸ்ட்டாக இருக்கலாம் என்றார். மஞ்சளில் இரண்டு வகை, இரண்டும் ஒரே பருமன். "நிறத்தை வைத்து நான் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். டொக்டரிடம் பேணியோடு போங்கள்" என்றார். நான் கொப்பியை நீட்டினேன். திகதிகளைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லது. ஒரு குளிசையில் எவ்வளவு என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?"

மழை பெய்ததை எழுதியிருந்தேன். அதை எழுதவில்லை.

அதே போத்தலின் லேபிளைப் பார்க்க அன்றே சுப்பர்மார்க்கெட்டுக்கு ஓடினேன். அந்தத் தட்டில் குளிசைப் போத்தல்களை எடுத்துவிட்டு நத்தார்ப் பண்டிகைச் சொக்லேட் அடுக்கியிருந்தார்கள்.

11ஆம் திகதி டொக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். பிறகு, "பிறக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்போம்" என்றார். அந்த ஆறு மாதமும் அக்கா என்னைக் கண்டால் சிரிப்பார். ஆனால் நான் கொடுக்கும் எதையும், ஒரு தோடம்பழத்தைக்கூட, வாங்கி வைப்பாரே தவிர என் முன்னால் சாப்பிடமாட்டார்.

13.6.1987, சனி. பெண் பிள்ளை. கைவிரல் பத்து, கால்விரல் பத்து, நானும் எண்ணினேன். டொக்டர்கள் ஒரு குறையும் காணவில்லை.

நான் கொடுத்த போத்தலில் ஒரு குளிசைக்கு எவ்வளவு வைட்டமின் ஏ இருந்தது, அக்கா அதில் எத்தனை விழுங்கினார் என்பவற்றை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.