இடது கட்டைவிரல்

ஜெயில் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேருக்கு விடுதலைச் சீட்டு எழுதினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருவனுக்கு எழுதியது மட்டும் மறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

திருப்பரங்குன்றத்திலிருந்து காலை ரயிலில் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலை, அன்று வெளியே போகிறவர்களுக்குச் சீட்டு எழுதுவது. பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், அங்க அடையாளம், கீழே இடது கட்டைவிரல் ரேகை. அங்க அடையாளத்தை ஆளைப் பார்த்து எழுதுவது கிடையாது. அவன் உள்ளே வந்த அன்று ரிஜிஸ்தரில் பதிந்ததை அப்படியே நகல் எடுக்க வேண்டும். ஜெயிலுக்குள் இருக்கும்வரை மனிதனுக்கு ஒன்றும் ஆகாது என்று சர்க்காருக்கு அவ்வளவு நம்பிக்கை! அரிசி மூட்டையை நிறுத்துப் பார்த்து வாங்குகிற ஆபீஸ், ஆளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்க்காது.

அவன் பரவைக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சம்சாரி. ஏதோ அடிதடி வழக்கில் ஒன்றரை வருஷம். அவன் ஊர், வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்தில் சேர்ந்த ஊர். திருடினாலும் திருடாவிட்டாலும் அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் போலீஸ் டேசனில் விரல் ரேகை வைத்திருக்க வேண்டும். ஜெயிலிலிருந்து போகிறவன் மறுநாள் பொழுது சாய்வதற்குள் சீட்டோடு டேசனில் போய் நிற்க வேண்டும். தவறினால் திரும்பவும் ஜெயில். இந்தக் கேடுகெட்ட சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நாளாவது அந்த டேசன் வாசலில் கைகட்டி நின்றிருக்க வேண்டும்.

சீட்டில் ரேகை வைக்கக் கையை நீட்டச் சொன்னேன். நீட்டினான். கட்டைவிரலில் பாதி இல்லை. உள்ளே கயிறு திரிக்கத் தேங்காய் மட்டை அடிக்கும்போது மரச் சுத்தியல், அந்தக் கொட்டாப்புளி, விழுந்து நசுங்கி, ஜெயில் டாக்டர் பாதியை எடுத்துவிட்டாராம். நான் நகலெடுத்து வைத்திருந்த அங்க அடையாளமோ, ‘இடது கட்டைவிரல் நுனியில் அரிவாள் வெட்டுத் தழும்பு.’ நுனியே இல்லை, தழும்புக்கு எங்கே போவது?

ஹெட் கிளார்க்கிடம் ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: “அடையாளத்தை மாத்தணும்னா டாக்டர் லெட்டர் வேணும், சூப்பரின்டெண்டு கையெழுத்து வேணும். அவர் வர மூணு நாளாகும். இவனை இன்னைக்கு விடலைன்னா நம்ம தலை போகும். வலது விரலை வச்சு அனுப்புய்யா.”

வைத்தேன். அவன் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு தயங்கி நின்றான்.

“அய்யா, இதக் கொண்டு போனா டேசன்ல ஒத்துக்கிருவாகளா?”

“ஜெயில் முத்திரை இருக்குல்ல, போப்பா” என்றேன்.

ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். துவைத்த வேட்டியோடு அவன் பெண்டாட்டி காலையிலிருந்து வாசலில் காத்திருந்தாள். இருவரும் மேற்கே நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டை எழுதினேன்.

மூன்றாம் நாள் விலங்கோடு திரும்பி வந்தான். டேசன் ஏட்டு ஊருக்குப் புதிது. தழும்பைத் தேடியிருக்கிறார், விரலே இல்லை. டேசனில் இருந்ததோ இடது ரேகை மட்டும். எவனுடைய சீட்டையோ திருடிக்கொண்டு வந்தவன் என்று வழக்கு எழுதிவிட்டார். “இவுக என் புருசன்தான் சாமி” என்று பெண்டாட்டி அழுதிருக்கிறாள். ஊரே வந்து சொல்லியிருக்கிறது. ரேகை வைத்த ஊரின் பேச்சை எந்த ஏட்டு கேட்பார்?

ஜெயிலில் அவனை எல்லோருக்கும் தெரிந்தது. “என்ன மாப்ள, அதுக்குள்ள வந்துட்ட?” என்று வார்டர் சிரித்தான். நான் ஹெட் கிளார்க்கிடம், கோர்ட்டில் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

“சொல்லேன். விரல் இல்லைன்னு தெரிஞ்சே எப்படிய்யா தழும்புன்னு எழுதினேன்னு கேப்பாங்க. கோர்ட்டு நம்மைக் கேக்கலையே, நீ ஏன் துள்ளுற?”

துள்ளல் அடங்கிவிட்டது. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு தங்கைகளைச் சாக்காகச் சொல்லிக்கொண்டேன். அடையாளத்தைத் திருத்தக் கேட்டு ஒரு கடிதம் எழுதி மேஜையில் வைத்ததோடு என் வீரம் தீர்ந்தது. அவனுக்கு மூன்று மாதம் போட்டார்கள். ஹெட் கிளார்க் மேலும் ஏட்டு மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர்களை வைவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

டாக்டர் லெட்டரும் சூப்பரின்டெண்டு கையெழுத்தும் ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது மூன்று மாதமும் முடிந்திருந்தது. புதுச் சீட்டு எழுதினேன். ‘இடது கட்டைவிரல் பாதி இல்லை.’ அவன் அதை வாங்கவில்லை.

“படிச்சுச் சொல்லுங்கய்யா.”

ஒரு வரி விடாமல் படித்தேன். விரல் வரி வந்ததும் கையை மேஜை மேல் வைத்து, அதையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். படித்து முடித்ததும் சீட்டை வாங்கி மடித்து மடியில் கட்டிக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“சரியாத்தான் இருக்கு. அன்னைக்கும் இந்த வெரலு இப்பிடித்தானய்யா இருந்துச்சு?” என்றான்.