அந்தப் புள்ளிகள் தூசி அல்ல

கொட்டாஞ்சேனையில் ஒரு சமையலறைக்குக் கறுப்புத் துணி அடித்து இருட்டறை ஆக்கியவன் நான். இரத்மலானைப் பழைய இரும்புக் கடையில் உடைந்து கிடந்த, படம் பெருப்பிக்கும் என்லார்ஜரை வாங்கி, நானே பொருத்திப் படம் அடித்தேன். கலவரத்தில் எல்லாம் எரிந்தது. பிறகும் வெள்ளவத்தையில் ஸ்டூடியோ திறந்தேன்; மூன்று பெண்பிள்ளைகளைக் கரை சேர்த்தேன். கொச்சிக்கடைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனின் மகன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன், யாருடைய தயவும் இல்லாமல் செய்தது இவ்வளவும். இவை ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் படம் பிடிப்பவன் முகத்தோடு விளையாடக் கூடாது. வேறொரு ஸ்டூடியோக்காரன் ஒருவரின் மச்சத்தை அழித்து அழகாக்கிக் கொடுத்தான். அடையாள அட்டையில் இல்லாத மச்சம் முகத்தில் எப்படி வந்தது என்று கேட்டு, சோதனைச் சாவடியில் அவரைப் பின்னேரம் வரை இருத்தி வைத்தார்கள். அன்றோடு என் கடையில் திருத்தும் பென்சிலுக்கு வேலை இல்லை. நெகட்டிவில் இருப்பது படத்தில் இருக்கும். பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாம்.

டொக்டரான ஒரு பெண்பிள்ளை அப்போது என் வாடிக்கை. புற்றுக்கட்டிக் கலங்களை, அதாவது செல்களை, மைக்ரோஸ்கோப்பில் எடுத்த பிலிம்களைக் கொண்டுவருவாள். நிறமூர்த்தங்கள், அந்தக் குரோமோசோம்கள், புழுக்களைப் போலச் சிதறிக் கிடக்கும். ஒரு பிலிமில் அவற்றுக்கு நடுவே சோடி சோடியாகச் சின்னப் புள்ளிகள். கை வைக்காமல் அடித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை முகம் வாடி வந்தாள்.

"வெள்ளவத்தை ஸ்டூடியோத் தூசி எண்டு எங்கட புரொபசர் எல்லாருக்கும் முன்னால சிரிச்சார் அங்கிள். டொக்டர்மாரின்ர கூட்டத்தில இதைக் காட்ட விடமாட்டாராம்."

எனக்கு உச்சி கொதித்தது. ஆஸ்பத்திரியே தூசி ஸ்டூடியோ என்று சொன்னால் நாளைக்கு யார் என் படியேறுவார்?

"தூசி இல்லையெண்டால் இது என்ன பிள்ளை?"

"டிஎன்ஏ துண்டுகள் அங்கிள். நிறமூர்த்தத்தில இருந்து கழண்டு தனியாத் திரியுது. கட்டியை வளக்கிற ஜீன் இதுக்குள்ள இருக்கு. கலம் ரெண்டாப் பிரியேக்க நிறமூர்த்தத்தைச் சரிசமனா இழுக்க அதில ஒரு பிடி இருக்கு. இதுகளுக்குப் பிடி இல்லை. ஒரு கலத்துக்கு அள்ளிப் போகும், மற்றதுக்குக் கிள்ளிப் போகும். கனக்க வைச்சிருக்கிற கலம் மருந்துக்கும் சாகாமல் பெருகும்."

படம் எடுக்க வந்த ஒருவருக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள். "பொலிஸ் பதிவு இல்லாமல் லொட்ஜில இருக்கிற ஆக்களைப் போல எண்டு சொல்லுங்கோவன்."

"ஐயோ அன்ரி, இதுகள் கெட்டதுகள்!"

"எங்கட தமிழாக்களையும் அப்பிடித்தானே சொல்லுறாங்கள்."

பிள்ளை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவள் கண்முன்னே நெகட்டிவைக் கழுவி உலர்த்தி, என்லார்ஜரில் தலைகீழாக வைத்து அடித்தேன். என்லார்ஜர்க் கண்ணாடியில் தூசி இருந்தால் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கவேண்டும். புள்ளிகள் நிறமூர்த்தங்களோடு சேர்ந்து திரும்பின.

"பிலிமில பிழை எண்டுவார்," என்றாள்.

"அப்ப உன்ர லாபுக்கு நட."

புதுப் பிலிமோடு போய் நானே எடுத்தேன். கலம் ஒட்டிய கண்ணாடித் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் எடுத்தேன். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் பிலிம் உருளையைத் திறக்கச் சொன்னான்.

"எபா மல்லி!" என்று சிங்களத்தில் கத்தினேன். வேண்டாம் தம்பி, வெளிச்சம் பட்டால் போச்சு. "நம்பாட்டி வந்து பார்!"

சார்ஜன்ட் உண்மையாகவே அவனை என்னோடு அனுப்பிவிட்டார். இருட்டறைக்குள் துப்பாக்கியோடு அவன் நிற்க, நான் பிலிமைக் கழுவிப் படம் அடித்தேன். மருந்துத் தண்ணீருக்குள் புள்ளிகள் சோடி சோடியாக எழும்பி வந்தன. இது என்ன என்று கேட்டான். "பிலிக்கா," என்றேன். சிங்களத்தில் புற்றுநோய். அவன் தொப்பியைக் கழற்றினான்.

தட்டு நகர்ந்த அளவுக்குப் புள்ளிகளும் கலத்தோடு நகர்ந்திருந்தன; லென்சுத் தூசி என்றால் நகராது. சாயத்தின் அழுக்காக இருக்கலாம் என்று புரொபசர் இழுத்தாராம். அதே கட்டியின் வேறு கலங்களிலும் சோடியாகவே இருப்பதைப் பிள்ளை காட்டினாள். அது அவளுடைய கெட்டித்தனம், மறுக்கமாட்டேன். படம் கூட்டத்துக்குப் போனது.

இப்போது அது ஒரு விரிவுரை மண்டபத்துச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. கீழே புரொபசரின் பெயர், பிள்ளையின் பெயர். காட்ட விடமாட்டேன் என்றவருக்கு முதல் வரி! படத்தில் பிழை என்றபோது என் ஸ்டூடியோ எல்லார் வாயிலும் இருந்தது. சரி என்றான பிறகு யாருக்கும் ஞாபகம் இல்லை.

அதை எடுத்தவன், கழுவியவன், பெருப்பித்தவன் நான். என் பெயரையும் போடுங்கள். சின்ன எழுத்தில் வேண்டாம்.