கூட்டினால் மூன்று வரும் தோட்டா

“கூட்டினா மூண்டு வருது தங்கச்சி. எனக்கு மூண்டு நல்ல ராசி!”

இரண்டு மாதத்துக்கு முன் என் வீட்டுக் குசினி மேசையில் இருந்துகொண்டு யோகன் அண்ணை இப்படி அறிவித்தார். ஒரு கையில் தேத்தண்ணி, மறு கையில் போன். அவர் வாங்கப்போகும் காரின் நம்பர் பிளேட்டைப் பற்றித்தான் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் இல்லை... போனில் இருந்தது ஒரு தோட்டாவின் படம். வேட்டைத் துவக்குக்குப் போடுகிற தோட்டா!

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எசன் நகரில் ஒரு பல் டொக்டரிடம் உதவியாளர் வேலை. வேட்டை உரிமம் எடுத்துப் பதினொரு வருடம். மலைப்பக்கம் ஒரு காட்டில், ஹெர் பிரான்ட் என்ற ஜெர்மன்காரர் குத்தகைக்கு எடுத்திருக்கும் வேட்டை நிலத்தில் பன்றி சுடப் போய்வருகிறேன். ‘துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனத்தில் ஒருத்திக்கு உது தேவையோ?’ என்று எழுதுகிறவர்கள் இந்த வாரமும் எழுதலாம். வாசிக்கிறேன். ஆனால் பன்றி இறைச்சிக் கறிக்கு மட்டும் வீடு தேடி வராதீர்கள்.

யோகன் அண்ணை பக்கத்து நகரான கெல்சென்கிர்ச்சனில் டைல்ஸ் பதிக்கிறவர். என்னைவிட எட்டு வயது மூப்பு. வேட்டைப் பரீட்சையை மூன்றாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணியவர். மூன்றாம் தரம் பாஸ் பண்ணியதற்கும் அந்த ராசி எண்தான் காரணம் என்பார். முதல் இரண்டு தரம் அவர் புத்தகத்தைத் திறக்காததைச் சபையில் சொல்லக்கூடாது.

“அண்ணை, முந்நூற்றெட்டுத் தோட்டா எடுக்கலாமே? நானும் அதுதான் வைச்சிருக்கிறன், பிரான்டும் அதுதான்.”

“சும்மா இரும் தங்கச்சி. மூண்டும் எட்டும் பதினொண்டு. பதினொண்டு எண்டா ரெண்டு. ரெண்டு சந்திரன் – மனம் ஆடும். காணாக்குறைக்கு உள்ளுக்கை ஒரு எட்டு வேற குந்திக்கொண்டு இருக்குது. சனியன்!”

“அப்ப ஆறரை மில்லிமீற்றர்?”

“ஆறும் அஞ்சும் பதினொண்டு. அதுவும் ரெண்டுதான். இதைப் பாரும், முந்நூறு மக்னம். மூண்டு, பூச்சியம், பூச்சியம். குரு! எண்ணூறு மீற்றரிலையும் விழுத்தும் எண்டு வீடியோவிலை காட்டினவங்கள்.”

பிள்ளைக்குப் பெயர் வைக்க எண், வீடு வாங்க எண், கடை திறக்க எண்... சரி, தொலையட்டும். அதனால் யாருக்கும் இரத்தம் வராது. இப்போது தோட்டாவுக்குமா? அந்த மக்னத்தைச் செய்தவனுக்குக் குருவைத் தெரியுமா, சனியைத் தெரியுமா?

தோட்டாவைத் தெரிவுசெய்வது பெரிய வித்தை இல்லை. பன்றிக்கு ஆறரை மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, நூறு மீற்றரில் இரண்டாயிரம் ஜூல் சக்தி இருக்கவேண்டும் – இது இந்த நாட்டுச் சட்டம். கடையில் கிடைக்கிற சாதாரணத் தோட்டாக்கள் பலவும் இதைத் தாண்டிவிடும். மிச்சம் ஒரே கேள்விதான். எந்தத் தோட்டாவை உன்னால் பயமில்லாமல், நூறு தரம், இருநூறு தரம் சுட்டுப் பழக முடியும்? இதைக் கேட்காமல் எண்ணூறு மீற்றர், ஆயிரம் மீற்றர் என்று விடிய விடிய வீடியோ பார்க்கிறவர்களை என்ன சொல்ல? பிரான்டின் காட்டில் தொண்ணூறு மீற்றருக்கு அப்பால் தெரிவது மரம். அதற்கு அப்பாலும் மரம்தான்.

ஆனாலும் அண்ணை மருந்து கூடிய அந்த மக்னமே வாங்கினார். அதுவும் தூக்க லேசாக இருக்கட்டும் என்று பாரம் குறைந்த துவக்கில்! துவக்கின் பாரம் குறையக் குறையத் தோளில் விழும் உதை கூடும் என்பது பரீட்சையிலேயே வந்த பாடம். மூன்று தரமும் வந்திருக்கும்.

சுடுதளத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். முதல் வெடி நடு வட்டத்தில். அண்ணையின் முகத்தில் குரு உச்சம். இரண்டாவது வெடி ஒரு சாண் கீழே. மூன்றாவது எங்கே போனதென்று தாளில் தேடினோம், கிடைக்கவில்லை. ஐந்தாவதோடு தோளைத் தடவிக்கொண்டு, “காணும் தங்கச்சி, துவக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார்.

நான் பார்த்தேன். இரண்டாவது வெடியிலிருந்து, விசையை இழுக்கும் முன்பே அவருக்குக் கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன. பார்த்தும் என்ன சொன்னேன் தெரியுமா? “பழகப் பழகச் சரிவரும் அண்ணை.” ஊசி போடும்போது நோகாது என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிற வாய் அல்லவா... அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தெரியாத ஆளைக் காட்டுக்குள் பிரான்ட் லேசில் விடமாட்டார். என் வாய்ச்சொல்லை நம்பித்தான் அண்ணையை விருந்தாளியாக வரச் சொன்னார். அண்ணை பிழை விட்டால் எனக்கும் கதவு பூட்டு. பதினொரு வருடமாக நான் சம்பாதித்த ஒரே நல்ல பெயர் அந்தக் காட்டில்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விடிந்து வெளிச்சம் வந்த நேரம். சோளத் தோட்டத்தைப் பார்த்த பரணில் நானும் அண்ணையும். அறுபது மீற்றரில் ஒரு பன்றி வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. இதைவிட லேசான வெடி கிடைக்காது. அண்ணை துவக்கைத் தோளில் வைத்தார். நான் பன்றியைப் பார்க்கவில்லை, அவருடைய கண்ணைத்தான் பார்த்தேன். மூடியது.

பன்றி வீரிட்டுக் கத்தியபடி முள்ளுக்காட்டுக்குள் ஓடியது. இறங்கிப்போய்ப் பார்த்தால் இரத்தம், எலும்புச் சில்லுகள். காலில் பட்டிருக்கிறது. எங்கேயோ ஒரு உயிர் மூன்று காலில் கிடந்து துடிக்கிறது... அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

பிரான்டுக்குப் போன் எடுத்தேன். மணம் பிடித்துத் தேடப் பழக்கிய தன் நாயோடு வந்தார். காயப்பட்டது ஓய்ந்து படுக்கட்டும் என்று சில மணி நேரம் பொறுத்துவிட்டுத்தான் நாயை இறக்கினார். முள்ளுக்குள்ளால் ஊர்ந்து, கையெல்லாம் கிழிபட்டுப் பன்றியைக் கண்டபோது அது இன்னும் உயிரோடு இருந்தது. பிரான்ட் ஒரே வெடியில் முடித்தார். முந்நூற்றெட்டுத்தான்.

இங்கே வழக்கம் ஒன்று உண்டு. பன்றி விழுந்தால், மரக்கொப்பு ஒன்றை முறித்துச் சுட்டவரின் கையில் மரியாதையாகக் கொடுப்பார்கள். அவர் தொப்பியில் செருகிக்கொள்வார். காயப்பட்டதை நாய் தேடிப் பிடித்தால் அந்தக் கொப்பில் ஒரு பங்கு நாய்க்கும் உண்டு. பிரான்ட் ஒரு கொப்பை முறித்தார். பங்கு வைக்கவில்லை. முழுவதையும் நாயின் கழுத்துப் பட்டியில் செருகினார்.

பிறகு அண்ணையிடம் கேட்டார். “இவ்வளவு பெரிய தோட்டா எதற்கு?”

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “தூரத்துக்கு...” என்றார். குருவைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

பிரான்ட் என் பக்கம் திரும்பினார். “சுடுதளத்தில் இவர் சுட்டதைப் பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

“பார்த்தும் கூட்டி வந்தாயா?”

மூத்தவர், அண்ணை என்று கூப்பிடுகிற ஆள், மனம் நோகும் – அந்த முள்ளுக்காட்டுக்குள் நின்று இதை எந்தப் பாஷையில் சொல்ல? எண் கூட்டினவரை இவ்வளவு நேரமும் பழித்தேனே, பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தவளை என்ன செய்வது? வெட்கத்தில் செத்தேன்.

பிரான்ட் கத்தவில்லை. நூறு மீற்றரில், உள்ளங்கை அளவு வட்டத்துக்குள், தன் கண் முன்னால் அண்ணை இருபது வெடி வைக்கும்வரை எங்கள் இருவரில் ஒருவரும் பரணில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு நாயோடு போய்விட்டார்.

போன ஞாயிறு அண்ணை போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

“தங்கச்சி, மக்னத்தைக் குடுத்திட்டு முந்நூற்றெட்டு எடுத்திட்டன். உதை குறைவுதான், சொல்லக்கூடாது. ஆனா கூட்டினா ரெண்டு எண்டு நினைக்கத்தான் மனம் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் பரிகாரம் இருக்கோ?”

இந்தத் தடவை நான் வாயைப் பொத்தவில்லை.

“இருக்கு அண்ணை. உங்களுக்கு எத்தினை கண்?”

“ரெண்டு.”

“சுடேக்கை அந்த ரெண்டையும் திறந்து வைச்சிருங்கோ!”