அஸ்பாவ் அண்ணையின் வேலைப் பல்

காலை பத்து மணிக்கு அஸ்பாவ் அண்ணை உடுப்பு அலமாரியைத் திறந்து, குளிர்கால மேலங்கிகளுக்கு நடுவே சாக்சபோனின் வாயை நுழைத்துக்கொண்டு ஊதுவார். ஜெர்மனியின் பான் நகரில் நான்காம் மாடி வீடு. கீழ்வீட்டு அம்மாவுக்குச் சத்தம் கேட்டால் உடனே முறைப்பாட்டுக் கடிதம் வரும். "என்ரை கோட்டுகள்தான் தம்பி நல்ல ரசிகர்கள். ஒருநாளும் இடையிலை எழும்பிப் போகேல்லை" என்பார்.

அவர் எத்தியோப்பியர். வயது எழுபத்தொன்று. பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். எண்பத்தாறில் இங்கே அகதி முகாமில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் மூன்று பேரோடு ஒரே அறையில் அவரையும் போட்டார்கள். பாவம், ஜெர்மன் படிப்பதற்கு முன்பே தமிழ் படித்துவிட்டார். முதலில் கற்ற சொல், முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஏலாது'. அதை வைத்துக்கொண்டே ஆறு மாதம் சமாளித்தார். எங்களுக்கும் அப்போது அதைவிட அதிகம் சொல்ல இருக்கவில்லை.

அடிஸ் அபாபாவில் பெரிய ஹோட்டல் ஒன்றின் வாத்தியக் குழுவில் ஊதியவர். இராணுவ ஆட்சி வந்ததும் அந்தக் குழுவை அணிவகுப்புக்கு வாசிக்க விட்டார்கள். ஒருநாள் தளபதி மேடையேறும் நேரம் பார்த்து இவருடைய சாக்சபோன் பன்றிக்குட்டி போலக் கீச்சிட்டது. கூட்டம் சிரித்துவிட்டது. மாலையில் வீடு தேடி ஆட்கள் வந்தபோது இவர் மைத்துனரின் லொறியில் சூடான் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வேண்டுமென்றே செய்தீரா என்று இங்கே அகதி விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். "ஓம் எண்டால் வீரன். இல்லை எண்டால் மோசமான வாத்தியக்காரன். வீரனுக்குத்தானே தம்பி விசா." உண்மை எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு இருபத்தெட்டு வருடம் பேக்கரித் தொழிற்சாலையில் பாண் பொதி செய்தார். சனிக்கிழமைகளில் பிராங்பேர்ட்டில் தன் ஊர்க்காரர்களின் கலியாணங்களுக்கு ஊதினார். ஒரு கசெட்டும் வெளியிட்டார். நூறு பிரதி அடித்ததில் அறுபது இன்னமும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

போன வருடம் சில ஜெர்மன் இளைஞர்கள் அந்த ஹோட்டல் குழுவின் பழைய இசைத்தட்டோடு அவரைத் தேடிப் பிடித்தார்கள். அட்டைப் படத்தில் ஏழு பேர். "இந்தத் தொப்பிக்குப் பின்னாலை நிக்கிற வடிவான பெடியன் நான்தான்" என்று எனக்குக் காட்டினார். தொப்பி மட்டும்தான் தெரிந்தது. இந்த ஜூனில் கச்சேரி என்று முடிவாயிற்று. நாற்பது வருடத்தில் முதல்தரம் அவருடைய பெயர் தனியே சுவரொட்டியில் வந்தது.

மார்ச்சில் மேல் முன்பற்கள் நான்கும் ஆடத் தொடங்கின. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். சாக்சபோன்காரனுக்குச் சத்தமே போச்சு. மேற்பல்லை ஊன்றித்தான் அதை ஊத வேண்டும். பல் வைத்தியர் நேரம் குறித்துக் கொடுத்த இரண்டு டெர்மினை வேண்டுமென்றே மறந்தார். மூன்றாவதுக்கு நான் இழுத்துக்கொண்டு போனேன். நான்கையும் பிடுங்கிவிட்டார்கள்.

கட்டுப்பல் செய்வது என் தொழில். பிடுங்குவதற்கு முன் எடுத்த பழைய பற்களின் அச்சு என் கையில் இருந்தது. ஒரு பல் நீளம், மற்றது பக்கவாட்டில் திரும்பியிருந்தது, நடுவில் ஒரு நீக்கல். முப்பது வருட அனுபவம் பாருங்கள், அச்சை ஒதுக்கிவிட்டேன். சுவரொட்டிக்குச் சிரிக்க வேண்டிய மனுசன் என்று நேராக, வெள்ளையாக, புதுமாப்பிள்ளைக்குச் செய்வதுபோல நான்கு பல் செய்து கொடுத்தேன். என் கைவேலையை நானே படம் பிடித்து மனைவி சிவப்பிரியாவுக்கு அனுப்பியதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அண்ணை போட்டுக்கொண்டு ஊதினார். காற்றுத்தான் வந்தது. ஒரு கிழமை முழுக்க ஊதிப் பார்த்தார், அதே காற்று. கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பட்டறைக்கு வந்து, பகிடி எதுவும் விடாமல், பல்லைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, நீ செய்தது கலியாணப் பல்லு. எனக்கு வேலைக்குப் போற பல்லு வேணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடமும் அவருடைய உதடு அந்தக் கோணல் பல்லுக்குத்தான் பழகியிருந்தது. அச்சைத் தேடியெடுத்து, அந்தக் கோணலை அப்படியே திரும்பச் செய்தேன். பின்னால் வந்து எட்டிப் பார்த்த முதலாளி, "தபோதரன், வேலைநேரத்திலும் குடிக்கிறீரா?" என்று என்னைக் கேட்டார். பல்லை மாட்டியதும் சத்தம் வந்தது. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் முரசு, அதுதான் ஈறு, இன்னும் வற்றிக்கொண்டிருந்ததால் பல் கொஞ்சம் ஆடியது. எத்தனை பாட்டுக்குத் தாங்கும் என்று கேட்டார். சொல்ல ஏலாது அண்ணை என்றேன்.

கச்சேரியன்று மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஆறு பாட்டு. நான் பாட்டைக் கேட்கவில்லை, அவருடைய மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவதில் ஒருதரம் சத்தம் உடைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்து ஊதினார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அஸ்பாவ் அண்ணை குனிந்து வணங்கினார். குனிந்தபடியே வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற ஜெர்மன் பெண், அவர் அழுகிறார் என்று கணவனிடம் மெதுவாகச் சொன்னாள். பல் கழன்றுவிட்டது, அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நிமிரும்போது பெருவிரலால் அழுத்தி அதை உள்ளே ஏற்றினார். பிறகு அதே விரலால் இரண்டு கண்களையும் துடைத்தார்.